நாற்பது தரம் விழுந்து நாலு செக்கன்: ஸ்கேட்போர்ட் வீடியோவை எதில் வெட்டுவது?

என் தொழில் கல்யாண வீட்டு வீடியோ. மட்டக்களப்பு கல்லடியில் ஒரு சின்ன அறை, இரண்டு மொனிட்டர், மேசை நிறைய ஹார்ட் டிஸ்க். கல்யாணம், சாமத்திய வீடு, கோயில் சடங்கு, எப்போதாவது ஒரு பாடசாலை விளையாட்டுப் போட்டி. பதினைந்து வருடமாக இதே வேலை. அதனால் அக்காவின் மகன் மூன்று கூட்டாளிகளோடு வந்து, "மாமா, நாங்க ஸ்கேட் ஓடுற வீடியோவ வெட்டுறதுக்கு நல்ல சொப்ட்வெயார் ஒண்டு சொல்லுங்க" என்று கேட்டபோது யோசிக்கவே இல்லை. நான் பாவிப்பதையே சொல்லி, முதல் வீடியோவை நானே வெட்டியும் கொடுத்தேன்.

கல்யாண வீடியோ வெட்டுகிறவன் வெட்டினால் எப்படி இருக்கும்? பொடியன் பலகையோடு மேலே எழும்பும் இடமெல்லாம் ஸ்லோ மோஷன். பின்னேர வெயிலுக்குக் கொஞ்சம் தங்க நிறம் ஏற்றினேன். கீழே ஒரு சினிமாப் பாட்டு. நான்கு பேரும் மரியாதைக்காகப் பேசாமல் பார்த்தார்கள். கடைசியில் காத்தான்குடிப் பொடியன்தான் மெதுவாகக் கேட்டான்: "மாமா, சத்தம் எங்க?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் நான் இந்த விளையாட்டின் வீடியோக்களை உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். இரண்டு மாதம் போன், லெப்டொப் என்று ஒவ்வொரு மென்பொருளாகப் போட்டும் பார்த்தோம். கீழே வருவது அந்த இரண்டு மாதக் கணக்கு. கைவசம் இருந்தவை: ஒரு ஐபோன், இரண்டு அன்ட்ரொய்ட், சுவிஸில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய பழைய கோபுரோ கமெரா ஒன்று, நால்வருக்கும் பொதுவாக 8 ஜிபி ரேம் உள்ள, தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத ஒரு லெப்டொப். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ ஸ்கேட் ஓடுகிற பொடியன்கள் பலரிடம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறேன். இருந்தால் சந்தோசம்.

ஸ்கேட் வீடியோ என்பது என்ன மாதிரியான பொருள்

மென்பொருளுக்குப் போக முதல் இதைச் சொல்ல வேண்டும். இது விளங்காமல்தான் நான் பிழை விட்டேன்.

கல்யாண வீட்டில் எடுத்ததில் பாதிக்கு மேல் பாவிக்கலாம். ஸ்கேட்டில் அப்படி இல்லை. ஒரு கிக்பிளிப் (பலகையைக் காலால் சுழற்றி மீண்டும் அதன் மேலேயே இறங்கும் தந்திரம்) சரிவர நாற்பது முயற்சி போகும். ஒரு முயற்சி பன்னிரண்டு செக்கன் என்று வைத்தால் எட்டு நிமிடம். ஐபோனில் 1080 தரத்தில் செக்கனுக்கு 60 பிரேம் வைத்து எடுத்தால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 90 எம்பி, ஆகவே ஒரு டிரிக்குக்கு 720 எம்பி. அதையே 4கே 60 பிரேமில் எடுத்தால் நிமிடத்துக்கு 400 எம்பி, மொத்தம் மூன்று ஜிபியைத் தாண்டும். அதில் கடைசியில் வீடியோவுக்குப் போவது நாலு செக்கன். வெட்டுவதை விடத் தேடுவதுதான் இங்கே பெரிய வேலை.

இரண்டாவது, சத்தம். பலகையின் வால் தரையில் அடிக்கும் 'டக்', காற்றில் இருக்கும்போது வரும் அமைதி, நான்கு சில்லும் ஒன்றாக இறங்கும் 'டப்', பிறகு சீமெந்தில் உருண்டு போகும் இரைச்சல். பார்க்கிறவன் டிரிக் சரிவந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் அறிய முதல் காதால் அறிகிறான். 1995 இல் வந்த சோனி விஎக்ஸ்1000 என்ற கமெராவை இன்றைக்கும் ஸ்கேட் வீடியோக்காரர்கள் தேடி வாங்குவதற்கு அதன் படம் ஒரு காரணம், மைக் பிடிக்கும் அந்தச் சில்லுச் சத்தம் இன்னொரு காரணம். எல்லாத் தந்திரத்துக்கும் அடிப்படையான துள்ளலுக்குப் பெயர் 'ஒலி'. 1970களின் கடைசியில் புளோரிடாவில் அதைக் கொண்டுவந்த அலன் கெல்பான்டின் பட்டப்பெயர் அது. தமிழில் எழுதினால் சத்தம் என்ற பொருளும் சேர்ந்து வருகிறது. எனக்கு அது தற்செயலாகத் தெரியவில்லை, போங்கள்.

மூன்றாவது, வெட்டக் கூடாத இடங்கள். தொடர்ந்து மூன்று நான்கு தந்திரம் செய்து போவதை 'லைன்' என்கிறார்கள். லைனுக்கு நடுவில் கத்தரி வைத்தால் அது பொய்ச்சாட்சி. இறங்கின உடனே வெட்டுவதும் கூடாது. உருண்டு போவது இரண்டு செக்கனாவது தெரிய வேண்டும், இல்லாவிட்டால் "விழுந்திருப்பான், அதனாலதான் வெட்டிட்டான்" என்பார்கள். படத்தை இடம் வலமாகத் திருப்புவதும் ஆகாது. இடது கால் முன்னால் வைத்து ஓடுகிறவன் வேறு, வலது கால் முன்னால் வைப்பவன் வேறு. திருப்பினால் ஆளே மாறிவிடுவான். கோயில் வீடியோவைத் திருப்பிப் போட்டால் சுவாமி இடப்பக்கமாகச் சுற்றுவார் அல்லவா, அதே குற்றம். செல்பி கமெராவால் எடுக்கும் சில போன்கள் இதைச் சொல்லாமல் செய்துவிடும், செட்டிங்ஸில் பார்த்து நிறுத்துங்கள்.

ஆகவே நல்ல மென்பொருள் எது என்ற கேள்வி, நாற்பதில் ஒன்றை எது கெதியில் தேடித் தரும், சத்தத்தை எது இடம் தப்பாமல் வைத்திருக்கும் என்று மாறுகிறது. விளம்பரங்களில் காட்டும் எபெக்ட், டிரான்சிஷன், நிறம் எல்லாம் இந்த வேலைக்குப் பத்தாம் பட்சம்.

போனிலேயே முடிக்கலாமா

முடிக்கலாம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

கப்கட் எல்லோர் போனிலும் ஏற்கனவே இருக்கிறது. டிக்டொக்கின் சொந்தக்காரரான பைட்டான்ஸ் நிறுவனத்துடையது. வேகத்தை வளைவாக ஏற்றி இறக்கும் வசதி, தானாக எழுத்துப் போடுவது, ஆயத்த அச்சுகள் (டெம்ப்ளேட்) எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். புதிதாகத் தொடங்குகிறவன் பத்து நிமிடத்தில் ஒரு வீடியோ செய்துவிடுவான். எனக்கு அதில் இரண்டு தயக்கம். முன்பு இலவசமாக இருந்த வசதிகளில் சில கொஞ்சம் கொஞ்சமாகக் காசு கட்டும் பக்கம் போய்விட்டன. இன்றைக்கு இருப்பது நாளைக்கும் இருக்கும் என்று நம்பி ஒரு வேலை முறையைக் கட்ட முடியாது. 2025 ஜனவரியில் அமெரிக்காவில் டிக்டொக் நின்றபோது கப்கட்டும் கூடவே நின்றது. நம் ஊரில் அப்படி ஒன்றும் இல்லைதான், ஆனால் செயலியின் தலைவிதி வேறெங்கோ எழுதப்படுகிறது என்பது அன்றைக்குத் தெரிந்தது. இரண்டாவது தயக்கம் ஆயத்த அச்சுகள். அவை பாட்டின் தாளத்துக்கு வெட்டும். ஸ்கேட்டில் தாளம் போடுவது சில்லு. இரண்டும் முட்டிக்கொள்ளும்போது தோற்பது எப்போதும் சில்லுதான்.

வி.என். என்ற செயலியைத்தான் பொடியன்களுக்குப் பிடித்தது. எனக்கும். இலவசமாகவே வோட்டர்மார்க் முத்திரை இல்லாமல் வெளியே எடுக்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்கு வைக்கலாம், வேக வளைவும் இருக்கிறது. திரையில் பளபளப்புக் குறைவு, கையைப் பிடித்து இழுக்கும் ஆயத்த அச்சுகளும் குறைவு. இந்த வேலைக்கு அது நல்ல குணம். கைன்மாஸ்டர், இன்ஷொட் இரண்டையும் பார்த்தோம். கெட்டவை இல்லை, ஆனால் இலவசப் பதிப்பில் மூலையில் முத்திரை விழும். அதை நீக்கக் காசு கட்ட வேண்டும், இன்ஷொட்டில் விளம்பரம் பார்த்தும் நீக்கலாம். வி.என். இருக்கும்போது அந்தப் பாடு எதற்கு?

போனில் எந்தச் செயலியாலும் தீர்க்க முடியாத ஒன்று, தேடும் வேலை. நாற்பது கிளிப்பையும் ஒரு சின்னத் திரையில் விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கண்ணுக்கு வலி. அதனால் தேடலை எடுக்கும் இடத்திலேயே முடிக்கப் பழகினோம். டிரிக் சரிவந்தால், உருண்டு போனதையும் எடுத்து முடித்த பிறகு, கமெராக்காரன் உள்ளங்கையால் லென்ஸை ஒரு செக்கன் மூடிவிட்டு நிறுத்துவான். கடைசியில் கறுப்பு உள்ள கிளிப்தான் வேலைக்கான கிளிப். அன்றைக்கு வீட்டுக்குப் போக முதல் கலரியில் அவற்றுக்கு இதயக்குறி போட வேண்டும். விழுந்தவற்றை உடனே அழிக்கக் கூடாது என்று மருமகன் பிடிவாதம். நல்ல விழுகை ஒன்று வீடியோவில் வராவிட்டால் சரிவந்ததன் பெறுமதி தெரியாதாம். அது சரி.

லெப்டொப்புக்கு வந்தால்

இங்கேதான் நீண்ட வாக்குவாதம். டாவின்சி ரிசோல்வை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவின் பிளக்மஜிக் டிசைன் நிறுவனம் 2009 இல் டாவின்சியை வாங்கியது. அதற்கு முதல் பெரிய ஸ்டூடியோக்களில் மட்டும் இருந்த நிறத் திருத்தக் கருவி, பிறகு யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடிய முழு எடிட்டிங் மென்பொருளாக வளர்ந்தது. இலவசப் பதிப்பில் 4கே வரை, 60 பிரேம் வரை வெளியே எடுக்கலாம், முத்திரை இல்லை, நாள் கணக்கு இல்லை. ஸ்டூடியோ பதிப்பு 295 டொலர், ஒரு தரம் கட்டினால் போதும். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 88,500 ரூபா. பொடியன்களுக்கு அது தேவையே இல்லை. இரைச்சல் குறைப்பு, லென்ஸ் வளைவைத் திருத்துவது போன்றவைதான் அதில் மேலதிகம், மிக அகலமாகப் பிடிக்கும் மீன்கண் லென்ஸின் வளைவை யாரும் திருத்தவும் மாட்டார்கள், அதற்காகத்தானே அதை மாட்டுவது.

ரிசோல்வில் எனக்கு மிகவும் பிடித்தது 2019 இல் வந்த 'கட்' பக்கம். அதில் 'சோர்ஸ் டேப்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் பெட்டிக்குள் இருக்கும் கிளிப் எல்லாம் ஒரே நீளமான நாடா போல வரிசையாக வந்து நிற்கும். நாற்பது முயற்சியையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூட வேண்டியதில்லை. ஒரே இழுவையில் பார்த்துக்கொண்டே போய், கறுப்பு வரும் இடத்தில் நிறுத்தி, தொடக்கம் முடிவு குறித்து, கீழே போடலாம். கல்யாண வேலைக்கு நான் அதைப் பெரிதாகத் தொட்டதே இல்லை. ஸ்கேட் வீடியோவுக்கென்றே செய்தது போல இருந்தது.

ஆனால் ரிசோல்வ் கேட்பது 16 ஜிபி ரேம், சுகமாக ஓடத் தனி கிராபிக்ஸ் கார்டும் இருந்தால் நல்லது. என் அறைக் கணினியில் பறக்கிறது. பொடியன்களின் 8 ஜிபி லெப்டொப்பில் திறந்தோம். விசிறி அம்மிக்கல் அரைப்பது போல இரைந்தது, ஒரு கிளிப்பை இழுத்துவிட்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்து வரலாம். பிழை மென்பொருளில் இல்லை, பாரம் இழுக்க முடியாத மாட்டில் பூட்டினோம். இன்ஸ்டோல் கோப்பே சில ஜிபி வரும் என்பதால் சிம் டேட்டாவை நம்பி இருப்பவர்கள் இரவு டேட்டா இருக்கும் நேரத்தில் இறக்குவது நல்லது.

அடுத்தது கேடென்லைவ். திறந்த மூல மென்பொருள், முற்றாக இலவசம், லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் ஓடும். பெயர் தெரியாததால் முதலில் பொடியன்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கும் அதன் திரை பார்வைக்குக் கொஞ்சம் பழைய காலத்து வீடு மாதிரித்தான் தெரிந்தது. ஆனால் அது படம் காட்ட கிராபிக்ஸ் கார்டைப் பெரிதாக நம்புவதில்லை, வேலையின் பெரும்பகுதியை கணினியின் மூளையே செய்கிறது. தனிக் கார்ட் இல்லாத லெப்டொப்புக்கு அதனால் நட்டமில்லை. இன்ஸ்டோல் கோப்பும் சின்னது. 'புரொக்சி' என்ற தெரிவைப் போட்டுவிட்டால், பெரிய கோப்புகளுக்குச் சின்னப் பிரதி செய்து அதை வைத்து வெட்ட விடும், வெளியே எடுக்கும்போது தானாகவே பெரிய கோப்புக்குத் திரும்பிவிடும். புரொக்சி செய்ய விட்டுவிட்டுப் பொடியன்கள் கடற்கரைக்குப் போய் வந்தார்கள். வந்ததும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

கிளிப்புகளுக்கு நட்சத்திரம் போடலாம், நிறக் குறி வைக்கலாம், ஒரு நீண்ட கிளிப்பில் வேண்டிய துண்டை மட்டும் தனியே பிரித்துப் பெட்டியில் வைக்கலாம். ரிசோல்வின் நாடா அளவுக்குச் சுகமில்லை, இருந்தாலும் தேடும் வேலை நடக்கும். வேகத்தை இடையில் மாற்ற 'டைம் ரீமெப்' இருக்கிறது. கரண்ட் போனாலும் பயமில்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் இடைக்கிடை தானாகச் சேமித்து வைக்கும், அடுத்த முறை திறக்கும்போது அதிலிருந்து மீட்கவா என்று கேட்கும். 2022 இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்த காலத்தில் எடிட்டிங் செய்தவனுக்கு அந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

ஷொட்கட் இதற்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி, இரண்டுக்கும் உள்ளே இருக்கும் இயந்திரம் ஒன்றுதான். கேடென்லைவ் சிக்கலாகத் தெரிந்தால் அதைப் போடலாம். கிளிப்புகளைத் தரம் பிரிப்பதில் கேடென்லைவ்தான் முந்தி நிற்கிறது என்று எனக்குப் பட்டது.

அடொப் பிரீமியர் புரோ. நான் பாவிப்பது இதுதான், முதல் நாள் நுனிநாக்கில் வந்ததும் இதுதான். எடிட்டிங்குக்கு நல்ல கருவி. 2013 இலிருந்து அடொப் மாதச் சந்தா முறைக்குப் போய்விட்டது. வருட ஒப்பந்தத்தில் மாதம் 23 டொலர் அளவு, ஏறத்தாழ 6,900 ரூபா. கல்யாண வீட்டு முற்பணத்தில் எனக்கு அது அடிபட்டுப் போகும். பள்ளிக்கூடம் போகிற பொடியன் எங்கே போவான், யாருடைய வங்கி அட்டையைக் கொடுப்பான்? சரி, 'கிரக்' என்ற கள்ளப் பிரதி போட்டால்? எல்லோரும் கேட்பது அதுதான். பத்து வருடத்துக்கு முன் நானும் ஒரு கடையில் அப்படிப் போட்டு எடுத்தேன். மூன்றாம் நாள் கணினியைத் திறந்தால் கோப்புகள் எல்லாம் வேறு பெயரில், ஒன்றும் திறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் சாமத்திய வீடு முழுவதும் போய்விட்டது. அந்தத் தாயிடம் போய்ச் சொன்ன நாளை நான் மறக்கவில்லை. இலவசமாக நேர்மையான மென்பொருள் இரண்டு மூன்று இருக்கும்போது அந்த வழி வேண்டாம்.

மெக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பைனல் கட் புரோவில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே பிடித்ததுக்கு ஒரு பொத்தான், வேண்டாததுக்கு ஒரு பொத்தான் என்று தட்டிக்கொண்டு போகலாம். நாற்பதில் ஒன்றைப் பொறுக்க அதைவிடக் கெதியான முறையை நான் காணவில்லை. விலை 300 டொலர். ஐமூவி மெக்கோடு இலவசமாகவே வரும். எங்கள் கூட்டத்தில் மெக் இல்லை, ஆகவே அத்தோடு விடுகிறேன்.

'டக்' பிந்தி வந்தால்

முதல் நீளமான வீடியோவை வெட்டியபோது இது நடந்தது. தொடக்கத்தில் எல்லாம் சரி. இரண்டாம் நிமிடத்துக்குப் பிறகு சில்லு தரையைத் தொட்டு அரைக் கணம் கழித்துத்தான் 'டப்' வருகிறது. கல்யாண வீட்டில் ஐயர் மந்திரம் கொஞ்சம் பிந்தினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். இங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் விளங்கும்.

காரணம் போன் எடுக்கும் விதம். போன் கமெரா வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப ஒரு செக்கனில் எடுக்கும் பிரேம் எண்ணிக்கையைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கும். 30 என்று எழுதியிருக்கும், உள்ளே 29, 28, 30 என்று ஆடும். எடிட்டிங் மென்பொருள் அதை மாறாத 30 என்று எடுத்துக்கொண்டால் படமும் சத்தமும் மெல்ல மெல்லப் பிரியும். பிரீமியர் 2018 இலிருந்து இதைச் சமாளிக்கிறது. கேடென்லைவ் அப்படிப்பட்ட கிளிப்பைப் போட்டவுடனேயே "இதை வெட்டுவதற்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றவா" என்று கேட்கும். 'ஓம்' என்று சொல்லிவிடுங்கள். மற்றவற்றுக்குப் போக முதல் ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் பிரேம் எண்ணிக்கை மாறாதபடி கோப்பை மாற்றிக்கொள்வது நல்லது. கூடவே இன்னொன்று: போன் கமெரா செட்டிங்ஸில் 'ஹை எபிஷியன்சி' என்று இருந்தால் கோப்பு சின்னதாக வரும், ஆனால் பழைய லெப்டொப் அதை அவிழ்க்கத் திணறும். 'மோஸ்ட் கொம்பட்டிபிள்' என்று மாற்றினால் இடம் கூடப் பிடிக்கும், வேலை இலகுவாகும். இடம் பெரிதா நேரம் பெரிதா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் நேரத்தைத் தெரிந்தோம்.

ஸ்லோ மோஷன் பற்றியும் இங்கேயே. 120 பிரேமில் எடுத்ததை 30 பிரேம் வீடியோ ஒன்றில் நான்கு மடங்கு மெதுவாக்கலாம், படம் பட்டு மாதிரி இருக்கும். 30 இல் எடுத்ததை மெதுவாக்கினால் மென்பொருள் ஒரே பிரேமைத் திரும்பத் திரும்பக் காட்டும், அல்லது இல்லாத பிரேம்களை ஊகித்து நிரப்பும். ஊகித்தால் சுழலும் பலகையின் ஓரம் பிசைந்த ரொட்டி மாவு போலக் கரையும். ரிசோல்வ் ஊகிப்பது மற்றவற்றை விட நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஊகம் ஊகம்தான். எங்கள் இப்போதைய வழக்கம்: முதலில் சாதாரண வேகத்தில் முழுச் சத்தத்தோடு ஒரு தரம், தேவைப்பட்டால் மட்டும் இன்னொரு கோணத்தில் மெதுவாக ஒரு தரம். மெதுவாக்கினால் 'டக்' செத்துப்போகும் என்பதை மறக்கக் கூடாது.

இரவில் தெரு விளக்கின் கீழ் எடுப்பவர்களுக்கு: நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்கு செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். 30, 60 பிரேமில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக மினுக்கம் ஓடலாம். கோபுரோவில் 50 ஹேர்ட்ஸ் தெரிவைப் போட்டு 25 அல்லது 50 பிரேமில் எடுத்தால் பெரும்பாலும் போய்விடும். எடுத்த பிறகு எந்த மென்பொருளிலும் அதைத் துடைப்பது பெரும்பாடு.

நடுக்கத்தை நிறுத்தும் வசதியைப் பற்றிக் கேட்டார்கள். லெப்டொப்பில் போடும் மென்பொருள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் மீன்கண் லென்ஸில் எடுத்ததுக்கு அதைப் போட்டால் தரை ஜெலி மாதிரித் தளதளக்கும், பார்ப்பவனுக்குத் தலை சுற்றும். கோபுரோவின் அசைவுத் தரவை வைத்து வேலை செய்யும் ஜைரோபுளோ என்று ஓர் இலவசக் கருவி இருக்கிறது, வேண்டியே ஆக வேண்டும் என்றால் அது. பின்னால் பலகையில் ஓடிக்கொண்டே எடுத்தால் கொஞ்சம் நடுங்கட்டுமே.

தமிழில் பெயர் போட

எங்கள் பொடியன்கள் வீடியோவின் தொடக்கத்தில் தமிழில்தான் பெயர் போட வேண்டும் என்று நின்றார்கள். எந்த மென்பொருளை இறக்கினாலும் முதல் வேலையாக "மட்டக்களப்புப் பொடியன்கள்" என்று அடித்துப் பாருங்கள். 'பொ' வில் கொம்பு தன் இடத்தில் நிற்கிறதா, புள்ளிகள் எழுத்தின் மேல் உட்காருகின்றனவா? கேடென்லைவில் யூனிகோட் தமிழ் ஒழுங்காக வருகிறது. பிரீமியரில் செட்டிங்ஸின் கிராபிக்ஸ் பகுதியில் தெற்காசிய, மத்திய கிழக்கு எழுத்துகளுக்கான தெரிவைப் போட வேண்டும், அதுவரை எழுத்து உடைந்துதான் நிற்கும். எதிலும் சரிவராவிட்டால் நம் ஊர் டிஜிட்டல் பிரிண்டிங் கடைகளின் பழைய நண்பன் பாமினி இருக்கிறது. அதில் ஒவ்வொரு தமிழ் வடிவமும் ஓர் ஆங்கில விசையில் உட்கார்ந்திருப்பதால், தமிழை அறியாத மென்பொருளும் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு அதை ஒழுங்காகக் காட்டிவிடும். பேனர் அடிக்கும் அண்ணாமாரைக் கேட்டால் அடித்துத் தருவார்கள்.

பாட்டு விசயத்தில் சினிமாப் பாட்டுப் போட்டால் யூடியூப் உரிமை கேட்டு நிறுத்தலாம், பேஸ்புக் சத்தத்தை அணைக்கலாம். இதற்கு மென்பொருள் மருந்தில்லை. மருமகனின் கூட்டாளி ஒருவன் கூத்துக்கு மத்தளம் அடிப்பவன். அவன் அடித்த வடமோடித் தாளம் ஒன்றைப் போனில் பதிந்து, லைன் ஒன்றின் கீழே மெதுவாக வைத்துப் பார்த்தோம். மத்தளத்தின் இடைவெளியில் சில்லுச் சத்தம் வந்து விழுந்தது. இப்போதைக்கு அதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை.

எதை எடுத்தோம்

போனில் மட்டும் வேலை செய்பவன், கிழமைக்கு ஒரு சின்ன வீடியோ போடுகிறவன் வி.என். எடுக்கட்டும். 16 ஜிபியும் ஒரு கிராபிக்ஸ் கார்டும் உள்ள கணினி வீட்டில் இருந்தால் யோசிக்காமல் ரிசோல்வின் இலவசப் பதிப்பு. சோர்ஸ் டேப் ஒன்றுக்காகவே அதைச் சொல்வேன். எங்களைப் போல 8 ஜிபி லெப்டொப் என்றால் கேடென்லைவ், புரொக்சியோடு. கப்கட்டை அழிக்கச் சொல்லவில்லை. ஆருகம்பேயில் அலை பார்த்த அன்றைக்கு ஒரு பதினைந்து செக்கன் போட அதுதான் கெதி. பிரீமியரை நான் கல்யாண வீட்டுக்கு வைத்துக்கொள்கிறேன்.

நான்கு பேரில் மூன்று பேர் இதற்குச் சம்மதம். காத்தான்குடிப் பொடியன் மட்டும் ரிசோல்வ்தான் வேண்டும் என்று, பழைய லெப்டொப்புக்கு இன்னொரு 8 ஜிபி ரேம் துண்டு விலை கேட்டுத் திரிகிறான். கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் ரேம் மட்டும் போட்டு என்ன பயன் என்று சொன்னேன். "மறுகா பாப்பம் மாமா" என்கிறான். அதுவரைக்கும் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் அறையில் இரண்டாவது மொனிட்டர் அவனுக்கு.